இரண்டு நிலா, ஒரு மதகு

இன்னும் பிறக்காத என் மகனுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மா யார் என்றும் தெரியாது. அந்தப் பெண் இப்போது பூவத்திலோ திருநள்ளாற்றிலோ பாவாடை ஓரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு பாண்டி ஆடிக்கொண்டிருக்கலாம். ஆனாலும் இந்தக் கடிதத்தை இப்போதே எழுதியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. சென்ற மாதம் பதினாறு முடிந்துவிட்டது. மேலுதட்டில் நிழல் தட்டியிருக்கிறது. குரல் காலையில் தவிலாகவும் மாலையில் நாயனமாகவும் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் நானும் மற்ற அப்பாக்களைப் போல எல்லாம் தெரிந்தவனாகிவிடுவேன். அப்புறம் உண்மையை எழுத முடியாது.

உனக்குக் கடிதம் எழுதவேண்டும் என்ற யோசனை என்னுடையது இல்லை, என் அப்பாவுடையது. தீபாவளியன்று நடந்த ஒரு காரியத்துக்காக, வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு, ஊர் கேட்க அவர் சொன்னார்: “ஒனக்குன்னு ஒரு புள்ள பொறந்து, அவன் ஒன்ன மாதிரியே வந்து எதுக்க நிப்பான் பாரு, அப்பத் தெரியும்டா ஒனக்கு!” திட்டுகிறவர்கள் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நான் மறக்கவில்லை. அப்படி ஒருவன் வரத்தான் போகிறான் என்றால் அவனுக்கு முன்கூட்டியே விவரம் சொல்லிவிடுவது நியாயம் அல்லவா? என் சிநேகிதன் ஜபார் பள்ளிக்கூடத்தில் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையில் இது வரப்போகிறது. நீ படிப்பதற்கு முன் ஊர் படித்துவிடும். பரவாயில்லை, நீ கடைசியாகப் படி. கடைசியாக வருவது நமக்குப் பழக்கம்தான்.

ஏன் பழக்கம் என்று சொல்கிறேன். நம் ஊர் வரிச்சிக்குடி. காவிரித் தண்ணீர் எங்கெங்கோ புறப்பட்டு, எல்லார் வயலுக்கும் பாய்ந்து, எல்லார் மாட்டையும் குளிப்பாட்டிவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களிடம் வரும். கடைமடை என்பது அதுதான். அப்பாவுக்கு என் மேல் கோபம் வந்தால் “கடைமடையில பொறந்த மடையா” என்பார். ஒரே வார்த்தையில் ஊரையும் பிள்ளையையும் முடித்துவிடுவார். சாதாரணமாகக் கூப்பிடும்போது வெறும் ‘மடையா’. எங்கள் வாய்க்காலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் மறுமுனை கடலுக்குப் போகும் வடிகாலில் சேர்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும்போது, மேலே ஆற்றில் வரத்துக் குறைவாக இருந்தால், கடல் தண்ணீர் வடிகால் வழியாக எங்கள் வாய்க்காலுக்குள் வந்து எட்டிப்பார்க்கும். ஆகவே வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மதகுப் பலகையைத் தூக்க வேண்டும். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும்.

இனி நிலாவுக்கு வருகிறேன். இந்தப் புரட்டாசியில் ருஷ்யாக்காரர்கள் ஒரு செயற்கை நிலாவைச் செய்து மேலே விட்டார்கள். நீ பெரியவனாகும்போது ஆளுக்கொரு நிலா வைத்திருப்பார்கள். அதனால் எங்களுக்கு அது எப்படி இருந்தது என்று உனக்குப் புரியாது. ஒரு பந்து. அது பூமியைச் சுற்றிக்கொண்டே ‘பீப், பீப்’ என்று கத்தும். ஜபாரின் வாப்பா சைகோனில் துணி வியாபாரம் செய்துவிட்டு வந்தவர். வரும்போது ஒரு பெரிய ரேடியோவைக் கொண்டுவந்தார். அதில் அந்தச் சத்தம் கேட்கிறது என்று தெரிந்ததும் கடைத்தெருவில் பாதிப் பேர் அவர் வீட்டு மாடியில் கூடிவிட்டார்கள். நானும் போய்க் கேட்டேன். மெல்லிய சத்தம்தான், வண்டுக்குஞ்சு கத்துகிற மாதிரி. ஆனால் தலைக்கு மேலே எங்கோ மனிதன் செய்த ஒரு சாமான் போய்க்கொண்டு, ‘நான் இருக்கிறேன்’ என்று காரைக்கால் வரைக்கும் சொல்கிறது என்று நினைத்தபோது உள்ளங்கை வேர்த்துவிட்டது.

மறுநாள் சத்தம் வரவில்லை. கூடியிருந்தவர்கள் முகம் வாடிவிட்டது. பார்க்கப் பொறுக்காமல் நான் ரேடியோவுக்குப் பின்னால் திரைச்சீலைக்குள் புகுந்து வாயாலேயே ‘பீப், பீப்’ போட்டேன். ஜபார் என் காலை மிதித்து, “டேய், வாப்பா பாத்தாஹன்னா, ரெண்டு பேரு தோலையும் உரிச்சுடுவாஹ” என்று கிசுகிசுத்தான். கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று; திரைச்சீலைத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வராமல் இருந்திருந்தால். ஜபாரின் வாப்பா திரையை விலக்கி, மிகவும் மரியாதையாக, “என்னாங்க தம்பி, உங்க நெலாவுக்குச் சளி புடிச்சிருக்கு போல?” என்றார். அன்றிலிருந்து நான் நிஜத்தைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் என் மூக்கைத்தான் பார்க்கிறார். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

அந்தச் சத்தம் என்னை விடவில்லை. தூரத்தில் இருக்கும் ஒன்று தன்னைப் பற்றித் தானே சொல்ல முடியும் என்றால், வாய்க்கால் ஏன் சொல்லக் கூடாது? இந்த வருஷம் மழை பிந்திவிட்டது. என் அப்பா தண்ணீர் வரும் வரும் என்று மதகடியிலேயே உட்கார்ந்து காய்ந்துகொண்டிருந்தார். சோறு அங்கே, தூக்கம் அங்கே, என்னைத் திட்டுவதும் அங்கிருந்தே. ஜபார் வீட்டுப் பரணில் சைகோனிலிருந்து வந்த ஒரு அழைப்பு மணியும் ஒரு சுருள் கம்பியும் சும்மா கிடந்தன. ஒரு சுரைக்குடுக்கையை வாய்க்காலில் மிதக்கவிட்டேன். தண்ணீர் ஏறினால் குடுக்கை ஏறும். அதன் தலையில் கட்டிய தகடு இரண்டு கம்பிகளைத் தொடும். டார்ச்சு பேட்டரியின் தயவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மணி அடிக்கும். முதலில் கொல்லைத் தொட்டியில் குடுக்கையை வைத்து, குடத்துத் தண்ணீரைக் கொட்டி அப்பாவுக்கு அடித்துக் காட்டினேன். அவர் என் மூக்கைப் பார்த்தார். குடுக்கையைப் பார்த்தார். “அடிக்கிறது மணியா, நீயாடா?” என்று கேட்டார். என் வாயை அவரே கையால் பொத்திக்கொண்டு இன்னொரு தடவை அடிக்கவைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினார். பல நாளைக்குப் பிறகு வீட்டுக்குள் படுத்துத் தூங்கினார்.

தீபாவளியன்று காலை மணி அடித்தது. அப்பா தலையில் எண்ணெயோடு கோவணத்தில் இருந்தார். நான் குளித்துப் புதுச்சட்டை போட்டு, அம்மா உருட்டிக் கொடுத்த லேகியத்தை விழுங்கியிருந்தேன். அப்பா கொல்லையிலிருந்தே கத்தினார்: “மடையா, ஓடுறா! நாக்குல வச்சுப் பாத்துட்டுத் தூக்கு!” ஓடினேன். வாய்க்கால் நிறைந்து நின்றது. ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தேன். சுக்கும் மிளகும் திப்பிலியும் எரிந்துகொண்டிருந்த நாக்கு அது. காவிரி, கடல் இரண்டும் அதற்கு ஒன்றுதான். “நல்ல தண்ணிதான்பா!” என்று கூவிவிட்டுப் பலகையைத் தூக்கினேன். பலகைக்கு அடியிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு நாற்றங்காலுக்குள் பாய்ந்தது. சட்டை நனைந்ததுகூடப் பெருமையாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் நாற்றங்காலில் நின்ற தண்ணீரை அப்பா வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். உப்பு. அன்று அமாவாசை. மனிதன் செய்த நிலாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எப்போதும் இருக்கிற நிலாவை மறந்துபோனேன். அது தன் வேலையை மறக்கவில்லை. கடலை ஏற்றி எங்கள் வயலுக்குள் அனுப்பிவிட்டது. சில நாளில் நாற்று நுனி சிவந்து, பிறகு முழுக்கக் கருகிப்போயிற்று. ஊர் கேட்க அப்பா உன்னைப் பற்றிப் பேசியது அப்போதுதான்.

சம்பாவுக்கு வேறு நாற்று இல்லை. விழிதியூரில் என் அம்மாவின் அண்ணன் இருக்கிறார். ஒரு கல்யாணப் பந்தியில் யாரை எங்கே உட்காரவைத்தார்கள் என்பதில் ஏற்பட்ட மனஸ்தாபத்துக்குப் பிறகு அப்பா அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. அம்மா போய்க் கேட்டாள். திரும்பி வந்தவள் முற்றத்தில் உட்கார்ந்து, “அண்ணன் ஒரு வார்த்த குத்திக் காட்டலீங்க. அதான் சுருக்குன்னு இருக்கு” என்றாள். மறுநாள் மாமாவே வண்டியில் நாற்றைக் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். தன் நடவுக்குப் போக மிஞ்சியது அவ்வளவுதான், இனி அவரிடமும் இல்லை. இறக்கும்போது அப்பாவிடம், “மாப்ள, மருமவன் ருஷ்யாக்காரனுக்கு ஒத்தாச பண்றானாமே? பாத்து, புள்ளய அங்கேயே எடுத்துக்கிடப் போறான்” என்றார். அப்பா சிரிக்கவில்லை. “எடுத்துக்கிட்டா வண்டிக் கூலி நான் குடுத்துர்றேன்” என்றார். நாற்றை நட்டோம். இதுவும் போனால் இந்த வருஷம் வீட்டில் நெல் இல்லை. அது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நடவு முடிந்த சமயத்தில் ருஷ்யாக்காரர்கள் இரண்டாவது நிலாவை விட்டார்கள். அதற்குள் ஒரு நாய். பத்திரிகையை ஜபார் கொண்டுவந்தான். நான் திண்டில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். அப்பா கேட்காத மாதிரி மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். நாயின் உடம்பில் கம்பிகளைப் பொருத்தியிருக்கிறார்கள்; அதன் இதயம் எப்படி அடிக்கிறது, மூச்சு எப்படி ஓடுகிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது; அடுத்தது மனிதன்தான் என்று போட்டிருந்தது. அப்பா காம்பிலிருந்து கண்ணை எடுக்காமல், “அந்த நாய் எப்ப எறங்கும்?” என்று கேட்டார். “எறங்காதுப்பா. எறக்கறதுக்கு வழி இன்னும் கண்டுபிடிக்கல.” அவர் காம்பைத் தரையில் தட்டி இறுக்கினார். “ஏத்தறதுக்கு மட்டும் கண்டுபுடிச்சானாக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மகனே, அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. நான் ஏறுவதைப் பற்றி மட்டும்தான் படித்திருந்தேன்.

ஆனால் எனக்கு வேறொன்று தோன்றியது. முதல் நிலா ‘நான் இருக்கிறேன்’ என்று மட்டும் சொன்னது. இரண்டாவது, உள்ளே இருப்பது எப்படி இருக்கிறது என்றும் சொன்னது. என் மணி முதல் நிலா மாதிரி. தண்ணீர் வந்தது என்று சொல்லும், என்ன தண்ணீர் என்று சொல்லாது. இதை யோசித்துக்கொண்டே, டார்ச்சு பல்பில் கம்பி கட்டிக் கையில் கிடைத்ததிலெல்லாம் விட்டுப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் பல்பு எரியவில்லை. மோரில் எரியவில்லை. அம்மா உப்புப் போட்டு ஊறவைத்திருந்த நார்த்தங்காய் ஜாடிக்குள் விட்டதும் பல்புக்குள் இருக்கும் இழை செக்கச்செவேல் என்று கனன்றது. அம்மா பார்த்துவிட்டு, “அடப் பாவி, ஊறுகாய்க்கும் கரண்டு குடுத்துட்டியா!” என்று கரண்டியோடு வந்தாள். உப்பு மின்சாரத்தை நடக்கவிடுகிறது; நல்ல தண்ணீர் விடுவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எங்கள் பள்ளிக்கூடத்தின் பாடப் புத்தகத்தில் இது பிரெஞ்சில் இருந்திருக்கிறது. ஊறுகாயில் இருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. உடைந்த செப்புக் குடத்தின் அடியிலிருந்து இரண்டு தகடு வெட்டி, மூங்கில் கழியின் நுனியில் கிட்டக்கிட்ட வைத்துக் கட்டினேன். மேல் நுனியில் பல்பும் பேட்டரியும்.

பௌர்ணமி வந்தது. நட்ட வயல் வாடத் தொடங்கியிருந்தது. இரண்டு நாள் தூறலுக்குப் பிறகு வானம் வெளுத்துவிட்டது. காலையில் வாய்க்கால் ஏறிற்று. அப்பா மணியை நம்பாமல் முன்னமே அங்கே போய் உட்கார்ந்திருந்தார். லேகியம், வெற்றிலை எதுவும் படாத நாக்கோடு, ஒரு கை அள்ளி வாயில் வைத்துக் கொப்புளித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “நல்ல தண்ணி. மேக்க மழ பேஞ்சிருக்கு” என்று பலகையில் கை வைத்தார். நான் சும்மா சோதித்துப் பார்க்கத்தான் கழியை இறக்கினேன். மேலே வைத்தபோது பல்பு இருட்டு. கழி இறங்க இறங்க, அடியைத் தொடும்போது பல்பு சிவந்தது. தூக்கினேன், அணைந்தது. இறக்கினேன், எரிந்தது. “அப்பா, தூக்காதீங்க! அடியில உப்பு இருக்கு!”

அப்பா திரும்பி என் மூக்கைப் பார்த்தார். “என்னடா, இன்னிக்கும் தும்மப் போறியா?”

“இல்லீங்கப்பா, பல்பப் பாருங்க. மேல நல்ல தண்ணி, அடியில உப்புத் தண்ணி. பலகையத் தூக்குனா அடித்தண்ணிதான மொதல்ல போவும்?”

“ஒரே வாய்க்கால்ல ரெண்டு தண்ணியா? நாக்கு நல்ல தண்ணிங்குது, நீ பல்பு உப்புங்குதுங்கறே. நாக்கு ஏங்கிட்ட பொறந்ததுலேருந்து இருக்குடா.”

நான் எவ்வளவு சொன்னாலும் ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தவன் பேச்சை யார் கேட்பார்கள்? அப்பாவின் ஒரு கை பலகை மேலே. அந்தக் கை தூக்கினால் மாமா கொடுத்த நாற்றும் போய்விடும். தூக்காமல் விட்டால் வெயிலில் போய்விடும். எனக்கு அழுகை வந்துவிட்டது. வழக்கமாக நான் நடிக்கிற அழுகை இல்லை. “என்ன நம்ப வேணாம்பா. நீங்களே போய்ப் பாருங்க” என்றேன்.

அப்பா பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு துண்டை அவிழ்த்துக் கரையில் போட்டுவிட்டு, அரை வேட்டியோடு வாய்க்காலில் இறங்கினார். மதகோரம் ஆள் ஆழம். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார். தலை மறைந்தது. குமிழி வந்தது. அவர் வாய் நிறையத் தண்ணீரோடு மேலே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைத் துப்பினார். துப்பிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. கரையேறும்போது, “கரிக்குதுடா” என்றார். அவ்வளவுதான். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குத் தோன்றாத காரியம். வீட்டுக்குப் போய் ரம்பத்தைக் கொண்டுவரச் சொன்னார். மாற்றுப் பலகை ஒன்று கிடந்தது. அதைக் குறுக்கே இரண்டாக அறுத்தார். வயல் பக்கத்தில் மண்ணைக் கொட்டித் தற்காலிகமாக அடைத்துவிட்டு, பழைய பலகையை எடுத்து, அறுத்த துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக மதகின் காடிப் பள்ளத்தில் இறக்கினார். “அடிப்பலகையத் தொடாத. மேப்பலகைய மட்டும் உருவு” என்றார். மேலே நின்ற நல்ல தண்ணீர் மட்டும், பால் ஏடு வழிவது போல, வயலுக்குள் வழிந்தது. நான் கழியை வயல் பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டே நின்றேன். பல்பு கடைசி வரைக்கும் எரியவில்லை. தீபாவளியன்றும் அடியில்தான் உப்பு நின்றிருக்க வேண்டும். மேலே அள்ளிப் பார்த்தவன் லேகியம் தின்றிருந்தாலும் ஒன்றுதான், தின்னாவிட்டாலும் ஒன்றுதான். லேகியத்துக்கு விடுதலை கிடைத்தது. அமாவாசையை மறந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ இதைப் படிக்கும்போது மனிதன் மேலே போயிருப்பான். நீயே மூட்டை கட்டிக்கொண்டிருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. பந்து போய்விட்டது, கம்பி போய்விட்டது, எதற்கு ஒரு ஆளும் போகவேண்டும் என்று சிலர் கேட்பார்கள். என் அப்பாவை நினைத்துக்கொள். மணி சொன்னது, பல்பு சொன்னது, அவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் பலகை இரண்டாயிற்று. கம்பிக்குப் பலகையை அறுக்கத் தோன்றாது. போய்ப் பார்த்தவனுக்குத்தான் அடுத்த யோசனை வரும். ஆனால் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகியபோது, மூச்சு தீரும் முன் மேலே வந்துவிடலாம் என்று தெரிந்துதான் முழுகினார். உன்னை ஏற்றிவிடுகிறவர்களிடம் அப்பாவின் கேள்வியை மறக்காமல் கேள்: எப்போது இறங்குவேன்? பதில் சொல்லத் தயங்கினால் வீட்டுக்கு வந்துவிடு. சோறு இருக்கும், உன் தாத்தா பலகையை அறுத்திருக்கிறார். இன்னொன்று, ஊரைச் சிரிக்கவை, தடுக்க மாட்டேன். ஆனால் நீ நிஜம் சொல்லும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு யாராவது உன்னை நம்பித் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். என் அப்பா இறங்கினார். எல்லாருக்கும் அப்படி ஒரு ஆள் கிடைப்பதில்லை.

அவர் என்னைப் பாராட்டவில்லை. அதை எதிர்பார்த்து நீயும் காத்திருக்காதே. மாமாவிடம் மட்டும் விழிதியூருக்கே போய், பந்தி மனஸ்தாபத்தை மறந்து, “தண்ணி ரெண்டா நின்னுச்சு, மச்சான்” என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்லிவிட்டு வந்தாராம். அதில் நான் எங்கே வருகிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன். “கழி புடிச்சவன்னு ஒரு எடத்துல வர்றே” என்றாள்.

இதற்கு மேல் எழுத நேரமில்லை. இன்று அமாவாசை. பயிர் பச்சை கட்டி நிற்கிறது. அப்பா வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டே வாசலிலிருந்து குரல் கொடுக்கிறார். இதுவரை அவர் என்னை எங்கே கூப்பிட்டாலும் ‘மடையா’ என்றுதான் தொடங்குவார். இன்று அதைச் சொல்லவில்லை.

“பல்ப எடுத்துக்கிட்டு வாடா. கடல் ஏறிருக்கும்.”

போய்விட்டு வருகிறேன்.

உன்னை இனிமேல்தான் பெறப்போகிற,
அப்பா